ரைட்டர் வீட்டுப் படியில் நின்ற அம்பு

செபஸ்தியார் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். மரத்தில் கட்டிப்போட்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து, கண்ணை மேலே செருகிக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தைத்தான் எல்லா வீட்டிலும் மாட்டி வைத்திருப்பார்கள். காலண்டரிலும் அதுதான், கோயிலில் இருக்கிற சுரூபச் சிலையிலும் அதுதான். ஆனால் அவர் அந்த அம்புகளால் சாகவில்லை. இதைச் சொன்னால் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களே நம்புவதில்லை.

அவர் ரோமாபுரி ராஜாவின் படையில் அதிகாரி. ராஜாவின் பக்கத்திலேயே நிற்கிற காவல்காரர். ராஜா கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்ற காலத்தில், படை உடுப்பைப் போட்டுக்கொண்டே சிறைக்குள் போய் அவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் ராஜா அவருடைய சொந்தப் படையாட்களை வைத்தே அம்பெய்யச் சொன்னான். செத்துவிட்டார் என்று எய்தவர்கள் போய்விட்டார்கள். அடக்கம் செய்ய வந்த ஒரு விதவை, மூச்சு ஓடுவதைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிப்போய், புண்ணுக்கு மருந்து போட்டுப் பிழைக்க வைத்தாள். பிழைத்தவரை எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விடச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ராஜா இறங்கி வருகிற படிக்கட்டில் போய் நின்று, நீ செய்தது அநியாயம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். செத்தவன் எதிரே நிற்பதைப் பார்த்து ராஜா பேயறைந்த மாதிரி ஆகிவிட்டானாம். அதற்குப் பிறகுதான் தடியால் அடித்துக் கொன்று உடம்பைச் சாக்கடையில் போட்டார்கள்.

சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற எங்கள் உபதேசியார் நவநாள் செபத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது அம்பு வரைக்கும் உருக உருகச் சொல்வார். படிக்கட்டு வந்ததும் வேகமாக ஓட்டிவிடுவார். எனக்குப் பிடித்தது அந்தப் படிக்கட்டுதான். பொறுமையைக் கொடு, நல்ல மனசைக் கொடு என்று மற்றவர்கள் செபஸ்தியாரிடம் கேட்பார்கள். நான் படிக்கட்டில் நின்ற செபஸ்தியாரிடம் ஒரே ஒரு ஆளைக் காட்டி, அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பல வருஷம் கேட்டேன்.

கோயில் நாகலூரைத் தாண்டி, காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவில் இருந்தது. ஓடு போட்ட சின்னக் கோயில். சாமியார் ஏற்காட்டிலிருந்து மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ராஜ்யம். தை மாதம், காப்பிப் பழம் பறிக்கிற மும்முரத்தில்தான் திருவிழா வரும். திருவிழாவுக்கு முந்தின நாள் சுரூபத்தின் மார்பிலிருந்து இரும்பு அம்பைக் கழற்றி, சிவப்புப் பட்டுத்துணி சுற்றி, உப்பும் மிளகும் பரப்பின தட்டில் வைப்பார்கள். அந்தத் தட்டு வீடு வீடாகப் போகும். சீக்காளிகளின் உடம்பில் அம்பைத் தொட்டு எடுப்பார்கள். முக்கியமாக அம்மை கண்ட பிள்ளைகளுக்கு. கொள்ளை நோய்க்கும் அம்மைக்கும் செபஸ்தியார்தான் காவல் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தட்டை உபதேசியார் தூக்க மாட்டார். ஒரு வீட்டுப் பெண் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். கீழே வைக்கக் கூடாது. எந்த வீட்டையும் தாண்டிப் போகவும் கூடாது. படிக்கு வெளியே நின்று, "நமக்குள்ள ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குகிற வீட்டாரும் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி வாங்க வேண்டும். மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் அங்கேயே, ஊர் கேட்க, வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகுதான் அம்பு படியேறும்.

நிஜத்தில் அப்படி யாரும் சொன்னதை நான் பார்த்ததில்லை. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஊரில் சமாதானக் காற்று வீச ஆரம்பித்துவிடும். வேலி தகராறில் வருஷம் முழுக்க முகம் பார்க்காதவர்கள் வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். கோழியை அடித்துத் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தவள் ஒரு குஞ்சைக் கொண்டுவந்து விடுவாள். அம்பு போய்ச் சேர்ந்த மறுநாள் பழையபடி சண்டை தொடங்கும். சாமியாருக்கு இந்த வழக்கமே பிடிக்காது. இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று உபதேசியாரைக் கேட்பார். உபதேசியார் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார், அடுத்த வருஷமும் தட்டை எடுப்பார்.

எங்கள் அப்பா எஸ்டேட்டில் மரம் ஏறுகிறவர். காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக் மரங்களில், மழைக்காலத்துக்கு முன்னால் கிளை கழிக்க வேண்டும். அந்த மரம் நேராக, வழுவழுவென்று போகும். அப்பா இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு ஏறினால் கீழே நிற்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அம்மை பார்த்துவிட்டது. பிழைக்க மாட்டேன் என்று எல்லாரும் சொன்னபோது, அப்பா அந்த அம்பைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பிழைத்தால் இனித் தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அவரும் விட்டார். இதை அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் அவர் மரத்திலிருந்து விழுந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். காலையிலிருந்து மழை. மரம் நனைந்திருந்தால் ஏறக் கூடாது என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஆனால் மறுநாள் முதலாளி வருவதாக இருந்தது, கிளை கழிக்கிற வேலை பாக்கி நின்றது. எஸ்டேட் ரைட்டர் நின்று வேலை வாங்கினார். வேலையைப் பார்த்துக்கொள்வதும் கூலிக் கணக்கில் ஆட்களுக்குப் பேர் போடுவதும் அவர்தான். பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு அவர் "ஏறு ஏறு" என்று சத்தம் போட்டது கேட்டிருக்கிறது. செடி மறைத்ததால் அவர்களால் எதையும் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓடி வருவதற்குள் அப்பா நினைவில்லாமல் கிடந்தார். ரைட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சுப்போட்டு ஏறிட்டானுங்க. நான் அந்தாண்டை போயிருந்தேன்" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அப்பாவின் சட்டையில் சாராய வாடை அடித்தது. வாயிலும் அடித்தது. ஏற்காடு ஆஸ்பத்திரியிலும், அங்கிருந்து தூக்கிக்கொண்டு போன சேலம் ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுத்தான் தொட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது, மண்டையிலும் அடி. உயிர் வந்தது, நடை வரவில்லை. அதற்குப் பிறகு கட்டிலும் ஒரு கழியும்தான் அவருக்கு.

அது மதுவிலக்கு இருந்த காலம். நஷ்டஈடு கேட்டுப் போனால் குடித்த கேஸில் அப்பா உள்ளே போக வேண்டியிருக்கும் என்று ரைட்டர் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னார். நல்லது சொல்கிற மாதிரியே சொன்னார். களை வெட்டின பெண்கள் முதல் நாள் சொன்னதை மூன்றாம் நாள் மாற்றிக்கொண்டார்கள். "எங்களுக்கு என்னுங்க தெரியும், நாங்க தலையக் குனிஞ்சு வேல பாத்துட்டிருந்தோம்" என்றார்கள். அவர்களுக்கும் பேர் போடுகிறவர் அவர்தானே. எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கோயிலுக்குக் கீழே, சரிவில் ஒரு குச்சு வீடு கட்டிக்கொண்டு வந்தோம்.

அம்மா அந்தச் சட்டையைத் துவைத்தாள். துவைத்துத் துவைத்து அது கிழிந்தே போனது. அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவன் நாசமாகப் போக வேண்டும் என்று சொன்னேன். அவன் ஓடு பறந்து, அவன் காப்பி கருகி, அவன் இடுப்பும் இப்படியே நொறுங்க வேண்டும் என்று சொன்னேன். அம்மா என் வாயில் ஒன்று வைத்தாள். ஆனால் வலிக்கிற மாதிரி வைக்கவில்லை.

எனக்கு ஆறாத கோபம் அப்பா மேலும் இருந்தது. என்ன நடந்தது, சொல்லுங்கள், நீங்கள் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை ஊர் முன்னால் சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"உடு கண்ணு. போனது போச்சு" என்பார்.

அவ்வளவுதான். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். திருவிழாவுக்கு அம்பு வீட்டுக்கு வந்து, அம்மா அதை எடுத்து அவர் இடுப்பில் தொடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ரைட்டர் அந்தப் பக்கம் போகும்போது, "என்னுங்க, சௌக்கியங்களா?" என்று குரல் கொடுப்பார். அப்பா கட்டிலில் இருந்தபடியே, "சௌக்கியமுங்க" என்பார். அந்தச் சௌக்கியத்தைக் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரியும். இடுப்போடு சேர்ந்து மனுஷனுக்கு ரோஷமும் உடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் வளர்ந்து ஏற்காட்டில் ஒரு பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மளிகையும் மிளகு வியாபாரமும். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவேன். பாய் நல்ல மனுஷர். வருஷா வருஷம் திருவிழாத் தட்டுக்கு உப்பும் முதல் தரமான மிளகும் அவரே பொட்டலம் கட்டிக் கொடுப்பார். "உங்க சாமி சிப்பாய்னு சொன்னயே, சிப்பாய்க்கு நல்ல மொளகுதான் குடுக்கோணும்" என்று சிரிப்பார். பஸ்ஸில் முன் சீட்டில் சில நாள் ரைட்டர் உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் நின்றுகொண்டு அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போது அந்தப் பிடரி ஆடும். அப்போது நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பிறகு அவர் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எங்கே போய் வீடு கட்டினார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டைத் தாண்டி, பாதை வளைந்து ஏறுகிற இடத்தில், கொய்யா மரங்களுக்கு மேலே. ஓட்டு வீடு, சிமெண்ட் போட்ட படிகள். அம்பு போகிற வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அதுதான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அம்மா அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் படிக்குக் கீழே நின்று, "நமக்குள்ள ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னாள். ரைட்டர் மனைவி "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி வாங்கினாள். பக்கத்தில் ரைட்டர் புதுத் துண்டு போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்பார். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அம்மா சொம்புத் தண்ணீரை எடுத்து வாய் கொப்பளிப்பாள். ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அம்மா ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அடுத்து வந்த தையில் வீட்டில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். தட்டு என் கைக்கு வரப்போகிறது என்பது அம்மாவின் காரியம் முடிந்த அன்றே எனக்குத் தெரியும். மார்கழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, பாய் கடையிலும் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ரைட்டர் வீட்டில் அம்மை விழுந்தது. அவருக்குக் கடைசியாகப் பிறந்த ஒரு பெண், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. உடம்பு முழுக்க முத்து போட்டு, காய்ச்சல் இறங்காமல், கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறது என்றார்கள். எனக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு வருத்தமும் இல்லை. பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்னொன்றையும் நினைத்தேன். இந்த வருஷம் அந்த அம்பு அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். செபஸ்தியார் நான் கேட்டதைக் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

அன்று சாயங்காலம் வெயில் மங்கி, பனி இறங்க ஆரம்பித்த நேரத்தில் அம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. செபம் சொன்னார்கள். நான் அம்பை எடுத்து அப்பாவின் இடுப்பில் தொட்டேன். இரும்பு சில்லென்று இருந்தது. அப்பா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். அம்பைத் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். முன்னால் பேண்ட் செட், பக்கத்தில் உபதேசியார், பின்னால் ஊர். வளைவில் ஏறி, கொய்யா மரங்களைத் தாண்டி, சிமெண்ட் படிக்குக் கீழே போய் நின்றேன்.

ரைட்டர் மனைவி ஈரத் தலையோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தூங்கியே பல நாள் ஆன முகம். பேண்ட் செட் வாசித்து முடித்தார்கள். எல்லாரும் நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

உபதேசியார் குனிந்து என் காதில், "சொல்லு கண்ணு" என்றார்.

"என்னால முடியாதுங்க" என்றேன். "எங்களுக்குள்ள இருக்குதுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று ஒருத்தர் சொன்னது கேட்டது. ரைட்டர் ஒரு படி இறங்கி வந்தார். அவருடைய முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பெரிய மனுஷன் சின்னப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"ஏங்கண்ணு, பழசெல்லாம் இப்ப எதுக்கு? உங்கப்பன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நான் அன்னிக்கே மன்னிச்சுப்போட்டேன்" என்றார்.

அவர் மன்னித்துவிட்டாராம். எங்களை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால், உபதேசியாருக்காகவோ அந்தப் பிள்ளைக்காகவோ நான் மெதுவாகப் பேசியிருப்பேன்.

"உங்களுக்கு இல்லீங்க. எங்களுக்கு இருக்குது" என்றேன். "அன்னிக்கு நனைஞ்ச மரத்துல எங்கப்பாவ ஏறச் சொன்னது ஆருங்க? அதை இங்க, இவங்க முன்னால சொல்லுங்க. சொன்னா அம்பு உள்ள வரும்."

"அன்னிக்கு மழையே இல்லீங்களே" என்றார் அவர், ஊரைப் பார்த்து.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அன்று களை வெட்டினவர்களில் ஒருத்தி. அம்மாவிடம் ஒன்றும் தெரியாது என்று சொன்னவள். "மழைதானுங்க. சாக்கைத் தலையில போட்டுட்டுத்தான் நாங்க வேல பாத்தோம்" என்றாள். இத்தனை வருஷம் கழித்து. ரைட்டரிடம் பேர் போடுகிற வேலை இப்போது இல்லை, வாய் திறந்தது. அவள் மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் அன்றைக்கு அதை ஒத்திவைத்தேன்.

வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டது. ரைட்டர் மனைவி நீட்டின கையை மடக்கவே இல்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"சொல்லிப்போடுங்க" என்றாள்.

"நாந்தான் ஏறச் சொன்னேனுங்க" என்றார் ரைட்டர். குரல் தாழ்ந்துதான் வந்தது. பேண்ட் செட்காரர்கள் கருவிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மொதலாளி வர்றதா இருந்துச்சு. அவன் மாட்டேன்னான். நாந்தான் வற்புறுத்தி ஏத்துனேன்."

எனக்கு அதுவே போதும். அதைத்தான் கேட்கப் போயிருந்தேன். தட்டை நீட்டப் போனேன். ஆனால் அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"முச்சூடும் சொல்லுங்க" என்றாள் அவரிடம். "பாதி சொல்லிப்போட்டு வாங்குனா எம்புள்ளைக்கு ஆகாது. எங்கிட்ட சொன்னீங்கல்ல, அதையும் சொல்லுங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். புதுத் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"அவன் குடிக்கலீங்க. குளிருக்குன்னு என் கோட்டுப் பையில ஒரு பாட்டில் வெச்சிருந்தேன். அவன் உழுந்ததும் செத்துட்டான்னே நெனச்சேன். ஆளுக வர்றதுக்குள்ள அவன் வாயிலயும் சட்டையிலயும் ஊத்திப்போட்டேன்" என்றார். பிறகு, "எனக்கும் புள்ளைகுட்டி இருந்துச்சுங்க" என்றார்.

அம்மா அந்தச் சட்டையைத் துவைத்த துவைப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அவரைப் பார்த்து நான் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள். சிரித்திருக்கலாம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. பிள்ளை பிறந்தபோது வந்த சந்தோஷம் வேறு மாதிரி. இது பல்லுக்குள் வைத்துக் கடிக்கிற சந்தோஷம்.

"இப்பச் சொல்லு கண்ணு, ஒண்ணுமில்லீன்னு. அதான் எல்லாம் சொல்லிட்டாருல்ல" என்றார் உபதேசியார்.

"இருக்குதுங்க. இன்னும் இருக்குது" என்றேன். "ஆனா ஊர் கேக்கச் சொல்லியாச்சு. வழக்கம் அவ்வளவுதானுங்களே." தட்டை ரைட்டர் மனைவியின் கையில் வைத்தேன். அவள் மட்டும், "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். அந்தப் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கட்டும்.

நான் ஊர்வலத்தோடு போகவில்லை. சரிவில் ஓட்டமும் நடையுமாக இறங்கி வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் நானே முதலில் சொல்ல வேண்டும். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ரைட்டர் ஊர் முன்னால ஒத்துக்கிட்டான்" என்றேன். மூச்சு வாங்கியது. "மழையில உங்கள ஏறச் சொன்னது அவன்தான்னு சொல்லிட்டான். நீங்க மாட்டேன்னு சொன்னதையும் சொல்லிட்டான். நீங்க உழுந்தப்புறம் அவன் பாட்டில எடுத்து உங்க வாயில ஊத்துனானாம், சட்டையில ஊத்துனானாம். எல்லாத்தையும் சொன்னான். எல்லாரும் கேட்டாங்க."

அவர் சந்தோஷப்படுவார், அல்லது பழையபடி உடு கண்ணு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அப்ப நான் அன்னிக்குக் குடிக்கலையா, கண்ணு?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். அன்று காலை வீட்டில் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினது வரைக்கும்தான் அவருக்கு நினைவு இருந்தது. அடுத்த நினைவு சேலம் ஆஸ்பத்திரி. நடுவில் இருந்தது மண்டையில் பட்ட அடியோடு போய்விட்டது. கண் விழித்தபோது வாயில் சாராயம் நாறியது. டாக்டர் சொன்னார், ரைட்டர் சொன்னார், ஊர் சொன்னது. பழைய குடிகாரன்தானே, எங்கேயோ சபலப்பட்டு ஊற்றிக்கொண்டு ஏறியிருக்கிறேன், அம்பைப் பிடித்துச் செய்த சத்தியத்தை மீறினதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று அவரும் நம்பிவிட்டார். அதனால்தான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல், அவள் சாகிற வரைக்கும் அவள் முகத்தை நேராகப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

கொஞ்சம் முன்னால் அந்தப் படியடியில் நான் பட்ட சந்தோஷம் அப்படியே அணைந்தது. இடுப்பை உடைத்தது தெரியும், வீட்டைப் பிடுங்கினது தெரியும். இது தெரியாமல் தட்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மறுபடியும் சரிவேறிப் போய் அவனை அந்தப் படியிலிருந்து இழுத்துப் போட வேண்டும் போல் இருந்தது. அவன் செத்துப் பல வருஷம் ஆகியும் அந்த ஆசை எனக்குப் போகவில்லை.

அப்பா என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"அவஞ் சொன்னத இன்னொருக்காச் சொல்லு" என்றார். "குடிக்கலீங்கன்னு சொன்னானா? அந்த வார்த்தையச் சொன்னானா?"

"சொன்னானுங்கப்பா" என்றேன்.

"ஐயோ, உங்கம்மா கேக்கலையே" என்றார்.